சித்தப்பாவின் மிளகாய்த் தோட்டம்

சென்ற குளிர்காலத்தில் ஒரு மிளகாய்ச் செடிக்காக வேலையிடத்தில் விடுப்பு எடுத்தேன். காரணம் கேட்டார்கள். வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்றேன். யாருக்கு என்று மேலதிகாரி கரிசனையோடு விசாரித்தபோது, வாயில் வந்த 'செடிக்கு' என்ற சொல்லை இருமலாக மாற்றி விழுங்கினேன். அன்று பகல் முழுவதும் குளியலறையில் அந்தச் செடியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, பல் துலக்கும் தூரிகையால் இலைகளுக்கு அடியில் இருந்த பேன்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்கும் பெண் நான். நாலு பேர் மதிக்கிற உத்தியோகம். தனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அப்பாதான் வீட்டில் நின்றார் என்று என் மகள் அன்று மாலை நினைவூட்டினாள்.

பழியை வழக்கம்போல உறவினர் தலையில் போடுகிறேன். இந்தப் பைத்தியம் சித்தப்பாவிடமிருந்து எனக்குத் தொற்றியது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அப்பாவின் தம்பியான சித்தப்பா அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு வந்து, எங்களோடு தங்கி, சட்டைப்பையில் இருந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊரில் அவருக்குப் பெண் பேசி முற்றாகியிருந்தது. பெண்ணின் தகப்பனார் வலிகாமத்துச் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் போடுகிற தோட்டக்காரர். பெண்ணின் விசா அலுவலாக அவர் கொழும்புக்கு வந்து நின்றபோது ஒருநாள் தொலைபேசியில் சித்தப்பாவைக் கூப்பிட்டார். சம்பளத்தைத்தான் கேட்பார் என்று சித்தப்பா அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தார். மனிதர் அதைக் கேட்கவில்லை.

"தம்பி, அங்க தோட்டம் கீட்டம் ஏதும் செய்யிறியளோ?"

இதற்குச் சித்தப்பாவிடம் தயாரிப்பு இல்லை. அவருடைய கண் பால்கனிக்குப் போனது. அங்கே பழைய பெயின்ற் வாளி ஒன்றில், செத்தல் மிளகாய்ப் பொதியில் உதிர்ந்து கிடந்த விதையிலிருந்து முளைத்த ஒரு செடி, கோடை வெயிலில் காய்த்து நின்றது.

"ஓம் மாமா. மிளகாய் போட்டிருக்கிறன்."

"நல்லாக் காய்க்குதோ?"

"நல்லாக் காய்க்குது மாமா."

இதுவரை ஒரு சொல்லும் பொய்யில்லை. அதோடு தொலைபேசியை வைத்திருக்கலாம்.

"அங்க பனி கொட்டுமெல்லோ. அப்ப என்ன செய்வியள்?"

"பனிக்கும் நிக்கும் மாமா. பிள்ளை வரேக்க தோட்டத்தை வந்து பாக்கட்டுமன்."

பெண் வரவிருந்தது பங்குனியில். இங்கே வந்த பிறகுதான் கலியாணம். சித்தப்பா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். பிறகு நிலைமையை எனக்கு விளக்கினார். அவருடைய தர்க்கம் இன்றைக்கும் எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. அவள் வரும்போது ஒரு செடியாவது உயிரோடு நின்றால், தோட்டம் சிறிது என்று ஆகும். ஒன்றும் இல்லாவிட்டால், மாப்பிள்ளை பொய்யன் என்று ஆகும். பொய்யனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அவள் தகப்பனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பிப் போக வேண்டியதுதான்.

"அப்ப உதைச் சாக விடேலாது சித்தப்பா," என்றேன்.

"விடமாட்டம்," என்றார். அந்த 'மாட்டம்' என்ற பன்மையில் நான் அடங்கியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து விளையாட ஒருவரும் கூப்பிடாத பிள்ளைக்கு இது பெரிய பதவி.

முதல் குளிர் விழுந்ததும் வாளியை உள்ளே கொண்டுவந்தோம். அம்மாவின் தையல் மெஷின் நின்ற இடத்தில், ஹீற்றருக்குப் பக்கத்தில், யாழ்ப்பாணத்து விருந்தாளியை எப்படிக் கவனிப்போமோ அப்படிக் கவனித்தோம். அதாவது, வேண்டாம் வேண்டாம் என்று கையால் மறைத்தாலும் விடாமல் ஊற்றினோம். காலையில் சித்தப்பா தண்ணீர் விடுவார். பள்ளியால் வந்து நான் விடுவேன். இரண்டு பேரும் மறந்திருப்போம் என்று நினைத்து அப்பா விடுவார். ஹீற்றர் எப்போதும் உச்சத்தில் இருந்தது. நாங்கள் கையில்லாத பனியனோடு இருந்து வியர்த்தோம். செடிக்குச் சித்தப்பாவின் கம்பளிக் கழுத்துப்பட்டி சுற்றியிருந்தது. வெளிச்சம் படும்படி வாளியை யன்னல் பக்கம் திருப்பி வைப்பது என் பொறுப்பு. கார்த்திகை மாதத்து பேர்லினில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எனக்கு ஒருநாளும் பிடிபடவில்லை.

இவ்வளவு உபசாரத்துக்குப் பிறகு செடி மஞ்சளாகத் தொடங்கியது. குளிர்கிறது போலும் என்று ஹீற்றருக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனோம். பேன் பிடித்தது. சவர்க்காரத் தண்ணீர் அடித்தோம். சித்தப்பா சாப்பிடும்போது சோற்றைப் பார்க்காமல் செடியைப் பார்த்தார்.

அந்த நாட்களில் மேல்மாடி ஜேர்மன்காரி, எங்களுக்கு வந்த பொதி ஒன்றைக் கொடுக்க வாசலுக்கு வந்தவள், செடியைக் கண்டு, எவ்வளவு அழகு என்று கையைத் தட்டினாள். மறுநாள் காலையில் நிலத்தில் ஒரு பிடி இலை கிடந்தது. அம்மாவுக்கு அந்தச் செடியைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனால் நாவூறு, அதாவது புகழ்கிறவர் வாயால் விழுகிற கண்ணேறு, அவருடைய இலாகா. அதில் சொந்த விருப்பு வெறுப்புக்கு இடமில்லை.

"தம்பி, இது தண்ணி விட்டுத் தீராது. கழிக்க வேணும்," என்றார்.

சித்தப்பா வேலைக்குப் போன பிறகு, செத்தல் மிளகாயும் உப்பும் கடுகும் எடுத்துச் செடியைச் சுற்றினார். பிறகு எல்லாவற்றையும் மின்னடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தாச்சியில் கொட்டினார். நாவூறு இருந்தால் மிளகாய் எரியும்போது நெடி வராது. இல்லாவிட்டால் வீடே செருமும். அதுதான் கணக்கு. வீடு செருமியது. பிறகு படிக்கட்டு செருமியது. பிறகு மேல்மாடியும் கீழ்மாடியும் செருமின. கண்ணால் தண்ணீர் ஓட ஓட, அம்மா ஒரு வைத்தியரின் நிதானத்தோடு, "நாவூறு இல்லை," என்று அறிவித்தார்.

தீயணைப்புப் படை வந்தது. வீட்டில் ஒழுங்காக ஜேர்மன் பேசக்கூடியவள் நான்தான்.

என்ன எரித்தீர்கள் என்று தலைக்கவசம் போட்ட ஒருவர் கேட்டார். மிளகாய் என்றேன். ஏன் என்றார். செடிக்குச் சுகமில்லை, அதற்கு மருந்து என்றேன். எந்தச் செடி என்றார். காட்டினேன். கழுத்துப்பட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு, இது என்ன செடி என்றார். மிளகாய் என்றேன். அவர் கழுத்துப்பட்டியைத் திரும்பவும் செடிக்குச் சுற்றிவிட்டார். பிறகு வீட்டில் இருந்த யன்னல்களையெல்லாம் அகலத் திறந்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே எல்லாம் உறைந்துகிடந்த நாள். நெடி போவதற்குள் மிச்சமிருந்த இலையெல்லாம் அவித்த கீரைபோலத் தொங்கிவிட்டது.

சித்தப்பா வேலையால் வருவதற்கு முன்பே அம்மா முடிவெடுத்துவிட்டார். அயலெல்லாம் தன்னை ஒரு மாதிரிப் பார்க்கும்படி செய்த செடிக்கு இனி வீட்டில் இடமில்லை. குப்பைப் பையில் அடங்க வேண்டும் என்பதற்காக, சமையல் கத்தரிக்கோலால் கொப்புக் கொப்பாக நறுக்கி, அடித்தண்டில் சாணளவு குச்சியை மட்டும் விட்டு, பையையும் வாளியையும் படிக்கட்டு யன்னலுக்குக் கீழே வைத்தார். வேலையால் வரும் அப்பா இரண்டையும் கீழே கொண்டுபோய் எறிவதாக ஏற்பாடு. களைத்து வந்த அப்பா, வாளியை ஏதோ காரணத்துக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணி, பையை மட்டும் எடுத்துப்போய் எறிந்தார்.

சித்தப்பா குச்சியைக் கண்டார். நான் அழுதேன். அவர் அழவில்லை. நகத்தால் தண்டை மெல்லச் சுரண்டினார்.

"பச்சை கிடக்குது பிள்ளை."

"எங்க?"

"உள்ளுக்க. வடிவாப் பார். உது சாகேல்லை."

பிறகு உள்ளே போய், இலையில்லாவிட்டால் பரவாயில்லை, வாளி பழைய இடத்துக்கு வரட்டும் என்று கேட்டார். அம்மா கரண்டியை வைக்கவில்லை.

"உது உள்ளுக்க வந்தா நான் வெளிய போறன்."

"அண்ணி, என்ர வாழ்க்கை அண்ணி."

"உங்கட வாழ்க்கை படிக்கட்டில நிக்கட்டும்."

நின்றது. அங்கே ஹீற்றர் இல்லை. ஆனால் உறையவும் இல்லை. பெரிய யன்னல் இருந்தது. தண்ணீர் விடுவதென்றால் அம்மாவைத் தாண்டிக் குசினிக்குப் போய்க் கோப்பையில் மொண்டு வர வேண்டும். அந்தத் துணிச்சல் எங்களுக்கு எப்போதாவதுதான் வந்தது. ஆனாலும் ஒருநாளும் தவறாமல் படியில் இருந்து குச்சியைப் பார்த்தோம். சுரண்டிச் சுரண்டிப் பச்சை பார்த்தே அதைக் கொன்றுவிடுவோமோ என்று பயந்து, நாளுக்கு ஒருவர்தான் சுரண்டலாம் என்று சட்டம் போட்டோம். அயலவர்கள் எங்களைச் சுற்றி நடந்தார்கள். செத்த குச்சிக்கு ஏன் காவல் என்று ஒருவர் கேட்டதற்கு, சித்தப்பா தனக்குத் தெரிந்த ஜேர்மனில், "சாகவில்லை, வேலை செய்கிறது," என்றார்.

இதைப் பற்றி எழுதப்பட்டவற்றையெல்லாம் பிற்காலத்தில் தேடி வாசித்துவிட்டேன். குளிர்காலத்தில் மிளகாயைக் காப்பாற்ற, ஒட்ட நறுக்கி, வெளிச்சமான குளிர்ந்த இடத்தில் வைத்து, தண்ணீரை மறந்துவிட வேண்டுமாம். எங்கள் பாசம் ஏறக்குறையக் கொன்ற செடிக்கு அம்மாவின் கோபம் இதையெல்லாம் வரிக்கு வரி சரியாகச் செய்திருக்கிறது. இந்த இடத்தில் செடியையும் அகதியையும் ஒப்பிட்டு ஒரு பந்தி எழுதுவேன் என்று யாராவது எதிர்பார்த்தால் மன்னிக்கவும். செடியிடம் யாரும் பத்திரம் கேட்கவில்லை.

மாசி முடிகிற நேரத்தில் தண்டின் பக்கத்தில் குண்டூசித் தலையளவு பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தது. சித்தப்பா படியில் நின்றபடியே அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வந்து குனிந்து பார்த்து, "ம்," என்றார். அன்று மாலை, யாரும் கேட்காமலேயே, படிக்கட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் இருந்தது.

பெண் வந்திறங்கிய நாளில் செடியில் ஏழெட்டு இலை இருந்தது. காய் இல்லை, பூ இல்லை. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்திலிருந்து சித்தப்பா பெண்ணைக் கூட்டி வந்தார். மூன்றாம் மாடியில், வீட்டுக் கதவைத் திறப்பதற்கு முன்பே, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவர்போல நின்றார்.

"இதுதான்," என்றார்.

சின்னம்மா, அதாவது சின்னம்மா ஆகப்போகிறவர், வாளியைப் பார்த்தார். படிக்கட்டின் மேற்பக்கம் பார்த்தார், கீழ்ப்பக்கம் பார்த்தார். "தோட்டமோ?" என்று மெல்லக் கேட்டார். சித்தப்பா தலையாட்டினார். உடனே சின்னம்மா சுவர்ப்பக்கம் திரும்பி, முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

எல்லாம் முடிந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து ஒரு வாளியைக் கண்டால் யார்தான் அழமாட்டார்கள்? ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தேன். "அழாதேங்கோ சின்னம்மா, கோடைக்கு இன்னும் பெருக்கும்," என்றேன். தோள்கள் இன்னும் பலமாகக் குலுங்கின. அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கலியாணம் நடந்தது. எங்கள் மேலுள்ள இரக்கத்தால்தான் அவர் சம்மதித்தார் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். வளர்ந்து, எனக்கே கலியாணமான பிறகு, ஒரு பிறந்தநாள் வீட்டில் அருகருகே இருந்து வடை சாப்பிடும்போது, அன்றைக்கு ஏன் அப்படி அழுதீர்கள் என்று கேட்டேன். பக்கத்தில் சித்தப்பாவும் இருந்தார்.

"ஆர் அழுதது? சிரிப்பை அடக்கேலாமல் நிண்டனான்," என்றார் சின்னம்மா. "பனிக்க மிளகாய் நிக்கும் எண்டு ஒரு தோட்டக்காரனிட்டச் சொன்னா ஆர் நம்புவினம்? போனை வைச்ச உடனேயே அப்பா சொன்னவர், பொடியனுக்கு ஒழுங்கா ஒரு பொய் சொல்ல வராது, பயமில்லாமல் குடுக்கலாம் எண்டு."