ஊசி எடுக்காத பங்குனி

அந்தப் பங்குனியில் எனக்குக் கையும் போதவில்லை, பொழுதும் போதவில்லை. காலையில் வீட்டுக்குப் பின்னால் கத்திரிக்கும் பாகற்கொடிக்கும் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெயில் ஏறியதும் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, தங்கையின் பாவாடை ஓரத்தில் பட்டு நூலால் மயில் போட உட்காருவேன். பள்ளிக்கூடத்தில் கற்ற தையல். ஒன்றை முடிப்பதற்குள் மனசு அடுத்த மயிலுக்குத் தாவிவிடும்.

மூன்றாவது மயில் போடும்போது தங்கைக்கு அம்மை போட்டது. கண்ணிலும் முத்து இறங்கியிருந்தது.

"ஆத்தா வந்திருக்கிற ஊட்டுல ஊசி எடுக்காத, சாமி," என்றாள் அம்மா. "துணியில குத்துறது அவ கண்ணுல குத்துனாப்புல."

"பள்ளிக்கூடத்துல அப்படிச் சொல்லலீங்களே."

"பள்ளிக்கூடமா வந்து கண்ணக் குடுக்கும்? போ, செடிக்குத் தண்ணி ஊத்து."

நான் நம்பவில்லை. ஆனால் தங்கையின் கண்ணை வைத்துச் சோதித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஊசியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். சும்மா இருக்க மாட்டாமல் நாளெல்லாம் தோட்டத்திலேயே கிடந்தேன். செடிகள் மட்டும் செழித்து நின்றன.

முத்து உதிர்ந்து தலைக்கு ஊற்றிய அன்று தங்கையைக் கைப்பிடித்து வெளியே கூட்டி வந்தேன். உச்சி வெயில். கண்ணைத் திறந்து வைத்தபடியே கேட்டாள்.

"இன்னும் பொழுது உடியலீங்களா அக்கா?"

தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த அம்மா கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.