ஒப்படைக்காத கிரீடம்

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். எடை 58.6. இடுப்பு 31. செம்பூர் வீட்டில் தண்ணீர் 5.30 முதல் 6.45 வரைதான் வரும். இரண்டு டிரம்மையும் நிரப்பினேன். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை போடாத சாயாவும் கொடுத்தேன். எனக்கு இரண்டு இட்லி. 9.04 ஹார்பர் லைன் மின்ரயில் ஆறு நிமிடம் தாமதம். குர்லாவில் மாறி மாட்டுங்காவில் இறங்கி, 9.55க்குக் கடையில் கையெழுத்துப் போட்டேன்.

புடவைக் கடை. மேற்பார்வையாளர் என்று என் அட்டையில் இருக்கிறது. வாடிக்கையாளர் தயங்கும் புடவையை என் மேல் போட்டுக் காட்டுவதுதான் பாதி வேலை. கண்ணாடி முன் மூன்று அடி நடந்து, நின்று, இடது தோளைச் சற்றுத் திருப்புவேன். பெரும்பாலும் புடவை விற்றுவிடும். அப்படித் திரும்ப எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், சர்வதேச அழகிப் போட்டி ஒன்றில் வென்ற எனக்குத் துணையாக நியமிக்கப்பட்டவர் அவர்.

இதைக் கடையில் யாரிடமும் நானாகச் சொன்னதில்லை. சென்ற ஆண்டு முதலாளி வாய்தவறிச் சொல்லிவிட்டார். பில் போடும் பெண் உடனே கைபேசியில் தேடினாள்.

“அக்கா, இங்க வேற பொண்ணு பேரு போட்டிருக்கு.”

“ஆமாம்.”

“அப்ப நீங்க செகண்டா?”

“இல்லை.”

“பின்ன? சும்மா ஃபேக்கா விட்டீங்களா அக்கா?” என்று சிரித்தாள். கெட்ட பெண் இல்லை. அன்றிலிருந்து புடவை மடிக்கையில் மட்டும் என்னை “மிஸ் வேர்ல்டு அக்கா” என்று கூப்பிடுவாள். என் பட்டம் அதுவும் அல்ல.

நடந்தது இதுதான். தாராவியில் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நான். வென்ற மறுநாள் விடுதி அறையில் முப்பத்தொரு பக்க ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டினார்கள். முதல் நான்கு பக்கங்களைப் படித்தேன். மிச்சத்தில் கையெழுத்து மட்டும். கிரீடம் என்னுடையதல்ல, ஆண்டு முடிவில் அடுத்து வருபவளின் தலைக்கு அது போக வேண்டும் என்பது பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. இன்னொரு விதியைத் துணைப் பெண்மணி வாயாலேயே சொன்னார்: கிரீடத்தை ஒப்படைக்கும் நாள்வரை தினமும் எடை, இடுப்பளவு, உணவு, போன இடங்கள் அனைத்தையும் குறித்து வைக்க வேண்டும். அதற்கென ஒரு நோட்டும் கொடுத்தார்.

நான் போட்டிக்குப் புறப்பட்ட அன்று அம்மா எங்கள் தெரு அம்மனிடம் நேர்ந்துகொண்டிருந்தார். “எம் மவ தலையில ஏறுனா அது ஒந் தலைக்கு.” விமான நிலையத்திலிருந்து வண்டி நேராகக் கோவிலுக்குத்தான் போனது. மேளம் அடித்தார்கள். தட்டில் எலுமிச்சைக்கும் பூவுக்கும் நடுவே கிரீடத்தை வைத்துப் பூசாரியிடம் நீட்டியவை என் கைகள்தான். எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. வென்றவளுக்குத்தானே வென்றது சொந்தம் என்று நினைத்தேன்.

அதன்பின் எட்டு மாதம் ஊர் ஊராக அனுப்பினார்கள். மருத்துவமனைக் கட்டில்களின் ஓரம் உட்கார்ந்து புன்னகைத்தேன். ஒரு தலைமுடித் தைல விளம்பரத்தில் நடித்தேன். மேடைகளுக்கு மாற்றுக் கிரீடம் ஒன்றைக் கொடுத்திருந்ததால் யாரும் அசலைக் கேட்கவில்லை. பதினோராம் மாதம் கேட்டார்கள். கோவில் கமிட்டியிடம் போனேன். அம்மன் தலையிலிருந்து இறக்கி மனுஷத் தலைக்குக் கொடுப்பதா என்றார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று கடிதங்கள் வந்தன. நான்காவதில் என் பெயரை வென்றவர்கள் பட்டியலிலிருந்து நீக்கி, இரண்டாம் இடம் வந்தவளின் பெயரைச் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தார்கள். தைலக்காரர்கள் அதே வாரம் வேறு பெண்ணைப் போட்டார்கள். சினிமாவுக்குக் கூப்பிட்டவர்கள் பிறகு கூப்பிடவில்லை.

ஒப்படைக்கவில்லை என்பதால் நோட்டை நான் நிறுத்தவில்லை. இப்போது எழுதுவது ஐம்பத்து மூன்றாவது நோட்டு.

ஜூலை 22 அன்று ஒரு மின்னஞ்சல் வந்தது. போட்டியைப் புதிய நிர்வாகம் எடுத்து நடத்துகிறதாம். பழைய கிரீடங்கள் எல்லாவற்றையும் ஒரு கண்காட்சியில் வைக்கிறார்களாம். ஆகஸ்ட் 15க்குள் அசல் கிரீடத்தின் படங்களை அனுப்பி, பொருளையும் ஒப்படைத்தால் என் பெயரைப் பட்டியலில் மறுபடி சேர்ப்பார்களாம். பதினெட்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். கிரீடத்தை ஆடி வெள்ளிகளில் மட்டும்தான் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். அதனால் இந்த வெள்ளியன்று மாலை ஆறு மணிக்கே கடையில் அனுமதி கேட்டுப் புறப்பட்டு, மழையில் தாராவிக் கோவிலுக்கு நடந்தேன்.

கமிட்டித் தலைவர் கோவில் வாசலில் கூழ் அண்டா பக்கம் நின்றிருந்தார். மளிகைக் கடைக்காரர், என்னைச் சிறு வயதிலிருந்து தெரியும்.

“அண்ணாச்சி, அந்தக் கிரீடம்...”

“இதக் கேக்கதுக்கா நனைஞ்சிட்டு வந்த? எடுத்துட்டுப் போ பிள்ள.”

அண்டாவைச் சுற்றி அவர் அருகே போனேன்.

“பாண்டுப் ஏரியாக்காரரு ஒருத்தரு வெள்ளியிலயே புதுசு செஞ்சு குடுத்திருக்காரு. போன வாரமே சாத்தியாச்சு. பழச ஆத்துல விடணும்னு பூசாரி சொல்லுதாரு. நீ கேட்ட, அம்மனாப் பாத்து அனுப்புதா.”

“அன்னைக்குக் குடுக்க முடியாதுன்னீங்க.”

“அன்னைக்கு அம்மன் தலையில இருந்துச்சு. இன்னிக்குப் பெட்டில கெடக்கு. ரெண்டும் ஒண்ணா?”

அம்மன் அறைக்குப் பின்னாலிருந்து தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். பச்சைத் துணியைப் பிரித்தேன். இத்தனை ஆண்டுகளும் மாலைக் குவியலுக்கு மேலே தெரியும் நுனியை மட்டுமே பார்த்திருந்தேன். இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். அம்மன் தலை என் தலையைவிடச் சிறியது. ஆசாரி பின்பகுதியை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்து, வளைத்து ஒட்டியிருந்தார். வெட்டிய இடத்தை மறைக்க ஐந்து தலை நாகம் வைத்துப் பற்றவைத்திருந்தார். நடுவில் போட்டியின் சின்னம் இருந்த இடத்தில் சிவப்புக் கல். மொத்தம் 312 கற்கள் என்று அன்று கிரீடத்தோடு தந்த ரசீதில் இருந்தது. எண்ணினேன், பழையவை 140. எண்ணெயும் மஞ்சளும் ஏறி அவையும் கருத்திருந்தன.

“இத எப்ப வெட்டுனாங்க அண்ணாச்சி?”

“நீ குடுத்த அன்னைக்கே. இல்லன்னா அம்மன் கழுத்துலல்லா வந்து விழும்?”

கடிதங்கள் வருவதற்குப் பத்து மாதம் முன்பே, அப்படியென்றால்.

வீட்டுக்கு வந்ததும் துடைத்து, மேசை விளக்கின் கீழ் வைத்து ஆறு கோணங்களில் படம் எடுத்தேன். வெட்டியதையும் சேர்த்ததையும் மறைக்காமல் எழுதி, 8.20க்கு அனுப்பினேன். 8.31க்குப் பதில் வந்தது. மூன்று வரி. இது தங்கள் கிரீடம் அல்ல, தங்கள் பதிவுகளோடு பொருந்தவில்லை, தொடர்புகொண்டதற்கு நன்றி.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னளா சொல்லுதாவ?”

“இது அது இல்லையாம்.”

“அவிய கெடக்காவ. நாந்தான பாத்தேன், ஒந் தலையில இருந்தத.” பிறகு, “அத வீட்டுல வைக்காத. அம்மனுக்குப் போட்டது. ஒத்த ரூமு, கக்கூஸ் அந்தா இருக்கு. எங்கியாவது தண்ணில விட்டுரு” என்றார்.

தலைவருக்குத் தொலைபேசினேன். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். இறக்கினது இறக்கினதுதான் பிள்ள, மறுபடி உள்ள கொண்டாரக்கூடாது என்றார்.

பச்சைத் துணியில் கட்டி, ஜன்னலுக்கு வெளியே கம்பித் தட்டில் துளசித் தொட்டிக்கும் காலி டிரம் மூடிக்கும் நடுவே வைத்தேன். தூக்கம் வரும்வரை மழைச் சத்தம் கேட்டது. பெயர் திரும்பினால் ஐம்பத்து மூன்றாவது நோட்டோடு எழுதுவதை முடித்துக்கொள்ளலாம் என்று பதினெட்டு நாளாக நினைத்திருந்தேன். அதில் இன்னும் பதினோரு பக்கம் மிச்சம் இருந்தது.

ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். முதல் வேலையாக எடை பார்த்தேன். 58.4. எழுதிக்கொண்டேன்.