பொன்மணியின் துபாய்

பொன்மணியின் புருஷன் இசக்கிமுத்து துபாயில் இருப்பதாக மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முழுக்கப் பேச்சு. உண்மையில் அவன் இருந்தது காக்கநாடு ஜெயிலில். வேலை பார்த்த கட்டடத்திலிருந்து காப்பர் வயரைத் திருடி விற்றதற்காக எட்டு மாதமாக உள்ளே. இதுவும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான், "லீவுக்கு எப்போ வராராம்?" என்று அவளைக் கேட்போம். நானும் கேட்டிருக்கிறேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இங்கே மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் ஆள் வளைகுடாவில் இருப்பதால், அந்தப் பொய் அவள் வாயில் சுலபமாக வந்துவிட்டது. ஆனால் துபாய் என்றால் பெட்டி வர வேண்டுமே. சுக்குக் கிடங்கில் நாளெல்லாம் புடைத்துச் சலிக்கிற பொன்மணி, எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் வெளிநாட்டு சோப்பும் மிட்டாயும் வாங்குவாள். அட்டைப்பெட்டியில் போட்டு டேப் சுற்றி, ஆட்டோவில் கொண்டுவந்து எல்லாரும் பார்க்க இறக்குவாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ரோஜாவிடம், "அப்பா அனுப்பினது, கிளாஸ்ல எல்லாருக்கும் குடு" என்று மிட்டாயைக் கொடுத்தனுப்புவாள். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

நான் சீதாலக்ஷ்மி. வாயனசாலை என்று இங்கே சொல்லும் நூலகத்தின் புத்தகங்களைப் பையில் சுமந்து, வாரம் ஒருநாள் வீடு வீடாகப் பெண்களுக்குக் கொடுத்து வருவது என் வேலை. பொன்மணி சங்கரன்கோவில்காரி. மலையாளம் பேசுவாள், வாசிக்க வராது. அதனால் அந்த வீட்டில் புத்தகம் வாங்குவது ரோஜாதான்.

போன புதன்கிழமை, ரோஜா கேட்டிருந்த படப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொன்மணி அதை வாங்கிப் புரட்டினாள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஓர் அப்பா, இந்தப் பக்கம் ஒரு சிறுமி. அடுத்த பக்கத்தில் அதே சிறுமி பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பொன்மணிக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்ன மாமி, பிள்ளைக்குக் குடுக்குற புக்கா இது? எம் வீட்டுக்காரரு துபாய்ல இருக்காரு. எம் பிள்ளை மனசக் கெடுக்கவா வந்தீக?"

நாலு வாசலில் தலைகள் எட்டிப் பார்த்தன. புத்தகம் யாருக்கு என்று சொல்லக் கூடாதென்று ரோஜா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ரோஜாவே வந்து, என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மாமியத் திட்டாதம்மா. நான்தான் கேட்டேன். புக்கு எனக்கில்ல, உனக்கு. அப்பா ஜெயில்ல இருக்குறத அந்தப் பிள்ளைகிட்ட அம்மா எப்படிச் சொல்றாங்கன்னு அதுல உண்டு. உனக்கு மலையாளம் வாசிக்க அறியாதல்லோ, அதான் படம் போட்டது வேணும்னேன்."

பொன்மணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எப்பத் தெரியும் உனக்கு?"

"முதப் பெட்டி வந்த அன்னைக்கே. சோப்புல பிராட்வே கடை ஸ்டிக்கர் மலையாளத்துல இருந்துச்சு. கிளாஸ்ல கேட்டேன், ஜெயில்னு சொன்னாங்க."

"அப்புறமும் மிட்டாய் கொண்டுபோய்க் குடுத்தியேடி."

"எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கு நாணக்கேடாத்தான் இருக்கும். ஆனா வீட்டுக்கு வந்ததும், 'எல்லாரும் வாங்கிக்கிட்டாங்களா'ன்னு நீ ஆசையாக் கேப்பேல்ல."

பொன்மணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் அந்தக் குழந்தையைப் பார்க்க முகமில்லை. முந்தானைக்குள்ளிருந்தபடியே பொன்மணி கேட்டாள்.

"சனிக்கிழமை நீயும் வாரியா, ஜெயிலுக்கு?"

அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.