அம்மா ஆடிய ஞாயிற்றுக்கிழமை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு பிரெஞ்சுத் தம்பதி குடிவந்தார்கள். அப்பா வேலை பார்த்த மில்லில் புது இயந்திரம் பூட்டிக் கொடுக்க வந்தவர் மாடி அங்கிள். ஆன்ட்டி அக்கார்டியன் வாசிப்பார். ஆர்மோனியத்தைத் தூக்கி மார்போடு கட்டிக்கொண்டதைப் போல இருக்கும் அது. இழுத்தால் மூச்சு வாங்கும், அமுக்கினால் பாடும்.

ஞாயிறு மாலைகளில் மொட்டைமாடியில் நாற்காலி போட்டுக் கேட்போம். அங்கிள் ஆங்கிலத்தில் சொல்வதை அப்பா எங்களுக்குத் தமிழில் சொல்வார். அவர்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் ஒரு கூடத்துக்கு வந்துவிடுவார்களாம். கறிக்கடைக்காரரும் டீச்சரும் பேரன் எடுத்தவர்களும் இந்த வாத்தியத்துக்குச் சோடி சோடியாகச் சுற்றி ஆடுவார்களாம். யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால் கை நீட்டிக் கூப்பிட வேண்டுமாம். கூப்பிடாமல் விடுவதுதான் மரியாதைக் குறைவாம்.

சொன்ன அங்கிள் அதோடு நிற்கவில்லை. எழுந்து வந்து அம்மாவின் முன்னால் கை நீட்டினார்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அம்மாவுக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது. விந்தி விந்தித்தான் நடப்பாள். கோயில் திருவிழாவில் மற்றப் பெண்கள் கும்மியடிக்கும்போது அவர்களுடைய கைப்பைகளை மடியில் வைத்துக் காவல் இருப்பது அவள் வேலை. கல்யாணங்களுக்குக் கூட்டம் சேருமுன் போய், எல்லோரும் பந்தியில் இருக்கும்போது கிளம்பிவிடுவாள்.

"எனக்குக் கால் ஆகாதுங்க," என்றாள் தமிழிலேயே. அங்கிள் நீட்டிய கையை மடக்கவில்லை. துணி எடுக்கத் தங்கள் மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பாதான் எழுந்தார். அங்கிளின் தோளைத் தொட்டு விலக்கிவிட்டு, அவர் நின்ற இடத்தில் நின்று, அதே மாதிரி கை நீட்டினார். நாலு பேர் முன்னால் அவர் அம்மாவின் விரலைத் தொட்டுக்கூட நான் பார்த்ததில்லை.

"வா அம்மணி. உழுந்தா ரெண்டு பேருமா உழுவோம்."

"ஏனுங்க, பக்கத்து வீட்டுப் புள்ளை பாக்குதுங்க."

"பாத்துட்டுப் போகட்டும்."

அம்மா எழுந்தாள். ஆன்ட்டி அவளுடைய காலையே பார்த்தபடி வாசித்தார். அந்தக் கால் தரையைத் தேடும்போதெல்லாம் வாத்தியத்தை நீள இழுத்து, அது ஊன்றும்வரை பாட்டைப் பிடித்து வைத்திருந்தார். அப்பாவுக்குத்தான் ஆடத் தெரியவில்லை. அம்மாவின் நல்ல காலை மிதித்தார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மாடி அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கும்வரை இருவரும் சுற்றினார்கள்.

மறுநாள் காலையில் அம்மாவின் கால் வீங்கியிருந்தது. அப்பா தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டார்.

"நல்லா வலிக்குதுங்க," என்று சொல்லும்போதும் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வர்ற ஞாயித்துக்கெழமையும் வாசிப்பாங்களான்னு கேட்டுட்டு வாங்க."

கால் வலிக்கிற ஒருத்தி எதற்காக மறுபடியும் ஆட வேண்டும்? இந்தப் பெரியவர்களிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்தேன். மொட்டைமாடிக் கதவின் சாவியை எடுத்து, அம்மா தினமும் திறக்கும் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, அவளைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு பள்ளிக்கூடம் போனேன்.