தோல் பட்டை போட்ட வண்டி

மேடு தடுப்புகளில் ஏறிப் போகும் மோட்டார் பொம்மை ஒன்றை நான் ஒரு காலத்தில் வடிவமைத்தேன் என்று சொன்னால் என்னை அறிந்தவர்கள் நம்புவதில்லை. மின்விசிறி நின்றுபோனால் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திக்கொள்கிறவன் நான். ஆனால் அறுபதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். தெரியாததையும் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிவிடும் தைரியம் அந்த வேலையோடு வந்துவிடும்.

வண்டி எனக்காக அல்ல, என் நண்பனுக்காக. அவனுடைய அத்தா பேகம்பூர்ப் பக்கம் தோல் வியாபாரி. மகனை மதராசுக்கு, பெரியமேட்டுத் தோல் கிடங்குக்கு அனுப்ப முடிவு செய்திருந்தார். மகனுக்கோ தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாடை இல்லாத பிழைப்பு வேண்டும். அத்தாவுடைய கடையின் முன்பாதியில் பொம்மைக்கடை போட ஆசை. ரொம்ப நாள் நச்சரித்த பிறகு அவர் இறங்கிவந்தார்.

"எல்லாக் கடையிலயும் இருக்கற பொம்மையத்தானே நீயும் விப்ப? எங்கயும் இல்லாதது ஒண்ணு செஞ்சு காட்டு. முன்பாதி ஒனக்கு. ரம்ஜானுக்குள்ள காட்டணும். இல்லேன்னா மதராசுக்குக் கெளம்பு."

அன்று சாயங்காலமே என்னிடம் வந்தான். எங்கள் ஊர் வீடுகளில் சாவி கொடுத்து விடும் கார்கள் எல்லாமே நிலைப்படியில் முட்டி நின்றுவிடுகின்றன என்பதை நான் கவனித்திருந்தேன். நிலைப்படி ஏறும் கார் செய்யலாம் என்றேன். நான் நிறையப் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக அவன் ஒப்புக்கொண்டான்.

சிங்கப்பூரிலிருந்து வந்து உடைந்துபோன பொம்மைப் படகின் மோட்டார், செத்த டைம்பீஸின் பல்சக்கரங்கள், சக்கரத்துக்கு நூல் தீர்ந்த தையல் கட்டைகள் நான்கு, என் வீட்டு டார்ச்சிலிருந்து இரண்டு பேட்டரிக் கட்டைகள். இருபுறமும் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துச் சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டை. ராணுவ டாங்கி மாதிரி இருக்கும் என்று நினைத்தோம். சோப்புப் பெட்டி மாதிரி இருந்தது.

என் வீட்டு நிலைப்படியில் ஏறவிட்டோம். மூக்கைத் தூக்கியது, இன்னும் தூக்கியது, மல்லாந்து விழுந்தது. நான் புவியீர்ப்பு மையத்தைப் பற்றி நான்கு பக்கம் கணக்குப் போட்டேன். நண்பன் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பின்பாரம் மாப்ளே. தோல்கட்டு ஏத்துன மாட்டுவண்டியப் பாத்ததே இல்லையா நீயி? பேட்டரிக் கட்டைய எடுத்து முன்னால வையி."

வைத்தேன். அதன் பிறகு மல்லாந்து விழவில்லை. நான்கு பக்கங்களையும், யாராவது கேட்கக்கூடும் என்று, நெடுநாள் பத்திரமாக வைத்திருந்தேன்.

அடுத்த சங்கடம் வழுக்கல். வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி மஞ்சள் பூசிப் பூசி நிலைப்படி வழவழவென்று இருந்தது. ரப்பர் பட்டை நின்ற இடத்திலேயே சுற்றி, மஞ்சளில் இரண்டு கறுப்புக் கோடுகளை மட்டும் இழுத்தது. ரப்பருக்குப் பதில் தோல் போடலாம், சொரசொரப்பான உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி, என்று சொன்னது நான்தான்.

"தோலுலருந்து தப்பிக்கத்தானடா இம்புட்டுப் பாடும்?" என்றான்.

"ரெண்டு பட்டைதானடா."

ஒரு துண்டு கொண்டுவந்தான். பட்டையாக வெட்டி, இரு முனைகளையும் கத்தியால் காகிதம் போல் சீவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சைக்கிள் கடை சொலூஷனால் ஒட்டினான். அவ்வளவு நேரமும் குடும்பத் தொழிலைத் திட்டிக்கொண்டிருந்தான். கையைப் பார்க்கவே இல்லை.

வண்டி ஏறிவிட்டது. நாங்கள் கைதட்டிய சத்தத்தில் மனைவி வெளியே வந்தாள்.

"ஏங்க, அது என்ன, தோலா?"

"ஆமா."

"செருப்ப வெளியவே விடுங்கன்னு வாரவுக போறவுககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன். இப்ப அதுவா ஏறி வருதாக்கும்."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை, நிலைப்படியைக் கழுவி மறுபடி மஞ்சள் பூசினாள். அதில் ஒரு வியாபாரச் சேதி இருந்தது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

ரம்ஜானுக்குச் சில நாள் முன்பு, ஜும்மா தொழுகை முடிந்து கடையில் பரீட்சை. அத்தா தன் செருப்பைக் கழற்றிக் குறுக்கே போட்டார். ஏறி இறங்கியது. வெட்டுத்தோல் குவியலை வைத்தார். அதையும் தாண்டியது. கடை நிலைப்படியையும் தாண்டித் தெருச் சாக்கடையை நோக்கிப் போனதை நண்பன் பாய்ந்து பிடித்தான். அவன் முகத்தில் பொம்மைக்கடை திறந்தாயிற்று.

அத்தா வண்டியை வாங்கினார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைகீழாகத் திருப்பி, பட்டையை நிறுத்தி, விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒட்டு எங்க இருக்கு?"

நண்பன் காட்டினான். அவர் வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் நெருடினார். நகம் எங்கும் தட்டவில்லை.

"யாரு சீவுனது?"

"ஒங்க மகன்தான். கையைப் பாக்காமயே சீவுறான்" என்றேன், பெருமையாக.

அவர் ஒட்டை இன்னொரு முறை தடவினார். பிறகு என்னிடம், "வாத்தியாரே, தோலு போட்ட பொம்மைய ஒங்க வீட்ல உள்ள விடுவாகளா?" என்றார்.

எனக்குப் பொய் சொல்ல நன்றாக வரும். அன்று வரவில்லை.

"அப்ப ஊருல முக்காவாசிப் பேருக்கு இது வாசலோட சரி." குரலில் கோபமே இல்லை. மகன் பக்கம் திரும்பினார். "இந்தக் கையை வச்சுக்கிட்டுப் பொம்மையா விக்கப் போற? பெருநா முடிஞ்சதும் கெளம்பு."

திரும்பி நடக்கையில் நண்பன் சொன்னான்: "ரப்பரே போட்டிருக்கலாம் மாப்ளே."

"வழுக்குமேடா."

"வழுக்கட்டுமே. தோத்துட்டு, இன்னொரு வருசம் தவணை கேட்டிருப்பேன். இப்ப என் கை எப்படின்னு தெரிஞ்சுபோச்சு அவருக்கு."

பெருநாள் முடிந்த வாரம் மதராசுக்கு ரயிலேறினான். வண்டி அத்தாவின் மேசையில் பல வருஷம் இருந்தது. தோல் வாங்க வருகிறவர்களுக்கு அந்தத் தெரியாத ஒட்டைக் காட்டுவதற்காகத் தலைகீழாகவே வைத்திருப்பார். இது ஓடுமா என்று ஒருவரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே போய் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வருவேன். அடுத்த முறை போனால் மறுபடி மல்லாந்து கிடக்கும்.