ஒன்பதால் வகுபடும் தம்பி

இன்று காலை ராமநாதபுரம் பேருந்தில் என் பக்கத்தில் இருந்த அக்கா, நண்டுப் பெட்டியோடு தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் கடலில் விழுந்துவிட்டதாம். உச்சிப்புளியில் தம்பி வண்டியோடு நிற்காவிட்டால் நண்டு அத்தனையும் கெட்டுவிடும். பெட்டி மூடியில் எழுதியிருந்த தம்பியின் எண்ணில் கடைசி இலக்கத்தை ஐஸ் தண்ணீர் அழித்துவிட்டது.

என் போனில் குத்துமதிப்பாக இரண்டு எண்களை அழைத்தோம். இரண்டாமவர் ஏசினார்; நான் கணக்கு டீச்சர் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“வண்டி, படகு, போன் நம்பரு, எல்லாத்துலயும் கூட்டுனா ஒம்போது வரணும்பான் எந்தம்பி, டீச்சர். கிறுக்குப்பய!” என்றார் அக்கா.

எனக்கு உயிர் வந்தது. இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டி ஒன்பது கிடைத்தால், எத்தனை கோடியானாலும் அந்த எண் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 738ஐ வகுத்துப் பாருங்கள். மூடியில் மிஞ்சிய இலக்கங்களைக் கூட்டினேன்; 49. ஒன்பதின் அடுத்த மடங்கு 54. அப்படியானால் அழிந்தது ஐந்து. அந்த எண்ணை அழைத்துப் போனை அக்காவிடம் கொடுத்தேன்.

“ஏலே, எங்கன இருக்க? ஐஸ் கரையுது, ஓடியா!”

முப்பது வருடம் வகுப்பில் எண் சோதிடத்தைக் கேலி செய்தவள் நான். உச்சிப்புளியில் பெட்டியை இறக்கிய தம்பி, அக்கா நடந்ததைச் சொன்னதும் சன்னல் வழியே, “பாத்தீகளா டீச்சர், ஒம்போதோட ராசிய!” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.

என்ன பதில் சொல்லியிருக்கலாம், சொல்லுங்கள்.