வெள்ளைச் சுவரில் கரிக்கோடு

என் வீட்டு அடுப்படியில், அரிவாள்மனைக்கு மேலே உள்ள ஆணியில் ஒரு தராசு தொங்குகிறது. மேலே வளையம், கீழே கொக்கி, நடுவில் ஒரு முள். எண் என்று ஒன்றும் அதில் கிடையாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள்தான். அரைக் கிலோ புளியை மாட்டினால் கடைத் தராசில் நிற்கிற மாதிரி நிற்காமல் முள் சிவப்புக்கு ஓடிவிடும். பக்கத்து வீட்டுக்காரி பார்க்கும்போதெல்லாம், “இதென்னக்கா, பேரப்பிள்ளைக சாமானா? இதுல நிறுத்தா வாங்குறவுகளுக்கு நஷ்டம்ல” என்பாள். நான் சிரித்துவிட்டு இருந்துவிடுவேன். அது சரியாக வராத தராசு என்று தெரிந்துதான் எனக்குக் கொடுத்தார்கள். அந்தக் கதையைச் சொல்வதானால் எங்கள் நர்ஸம்மாவைச் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஆயாவாக இருந்தேன். பிரசவ அறையைக் கழுவுவது, துணி அலசுவது, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் பக்கம் தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. போர்த் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் லாரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். ஒரு கோடையில் லாரி தள்ளித் தள்ளி வர ஆரம்பித்ததும், பிரசவத்துக்கு எத்தனை குடம் செலவாகிறது என்று எண்ணிச் சொல்லச் சொன்னார் டாக்டர். நோட்டில் எழுத ஈரக்கை ஒத்துக்கொள்ளாது. அதனால் துவைகல்லுக்குப் பின்னால் உள்ள சுவரில், எதிர் டீக்கடை அடுப்புக் கரியை வாங்கிவந்து கோடு போட்டேன். ஒரு குடத்துக்கு ஒரு கோடு. ஒரு பிரசவத்துக்கு ஒரு வரி. பெண் பிள்ளை என்றால் வரியின் தலையில் ஒரு பொட்டு வைப்பேன். அதை யாரும் கேட்கவில்லை, எனக்காக வைத்துக்கொண்டது. அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சேலையை விரித்துத்தான் அப்போதெல்லாம் பிரசவம் பார்ப்போம். அலசினால் மூன்றாவது குடத்தில், மிஞ்சினால் நாலாவதில் தண்ணீர் தெளிந்துவிடும். அதன் பிறகு பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போடுவேன்.

நர்ஸம்மா அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். தறிகள் ஓடுகிற தெருவில் பிறந்து, அதே மாதிரித் தெருவில் வாழ்க்கைப்பட்டவர். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியதால் அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ரகசியம் சொன்னால் மருந்து கொடுக்கிற இடத்தில் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நானோ கூப்பிட்டாலே ரெண்டாம் தடவைதான் வாய் திறப்பேன். “ஆயாம்மா, நம்ம ரெண்டு பேரையும் கலக்கிப் பாதியாப் பிரிச்சா ஊருக்கு ரெண்டு நல்ல மனுசி கெடைப்பாக” என்று அவரே சொல்வார். சாப்பாட்டு வேளையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு துவைகல் பக்கம் வந்து உட்காருவார். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கிற குணம் அவருக்கு. கோடுகளையும் ஏன் என்று கேட்டார். சொன்னேன். “சரி, போடுங்க” என்று சோற்றைப் பிசைந்தார். அன்றைக்கு அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் உச்சிப்பொழுதில், பாலவனத்தத்தில் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று வெளியே சொல்லி, மிட்டாய் கொடுத்தாகிவிட்டது. நான் துணியோடு கல்லுக்கு வந்தேன். மூன்று குடம் ஆயிற்று, நாலு ஆயிற்று. ஐந்தாவதிலும் தண்ணீர் சிவப்பாகத்தான் ஓடியது. கை ஈரத்தோடு பிரசவ அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே நர்ஸம்மாவும் டாக்டரும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் நிமிர்ந்து, “என்ன?” என்றார். “ஒண்ணுமில்ல சார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். படித்தவர்கள் பார்த்துச் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல? ஆறாவது குடம் ஊற்றினேன். தெளியவில்லை. அப்புறம் ஓடினேன். “சிஸ்டர், துணியில தண்ணி தெளியவே மாட்டேங்குது, ஆறு கொடம் ஆச்சு” என்றேன். நர்ஸம்மா பேனாவைப் போட்டுவிட்டு அந்தப் பெண்ணின் கண்ணை விலக்கிப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். “சார், 108ஐக் கூப்பிடுங்க” என்று அவர் போட்ட சத்தம் ரோடு வரை கேட்டிருக்கும். அவள் பிழைத்தாள். விருதுநகர் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, பத்து நாள் கழித்துப் பிள்ளையோடு எங்களிடமே வந்து காட்டிவிட்டுப் போனாள். எல்லோரும் என்னை மெச்சினார்கள். ஆனால், ஐந்தாவது குடத்துக்கும் ஆறாவது குடத்துக்கும் நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்த அந்த நேரம் எனக்குத்தானே தெரியும்.

நர்ஸம்மாவிடம் மட்டும் அதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “நீங்க அஞ்சாவது கொடத்துல வந்து சொல்லியிருந்தாலும் அது நேரங்கழிச்சுத்தான் ஆயாம்மா. துணி கல்லுக்கு வர்றதுக்கு முன்னாடியே கட்டில்லயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் கண்ணால பாத்துத் தேவலன்னு நெனச்சேன்ல” என்றார். அன்றிலிருந்து அவர் சும்மா இருக்கவில்லை. பிரசவ ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து சுவருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எந்த வரி யாருடையது என்று என்னிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதினார். எங்கெல்லாம் ஐந்து கோட்டுக்கு மேல் இருந்ததோ, அங்கெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சோகை என்றோ தலைசுற்றல் என்றோ பின்னால் எழுதியிருந்தது. சில நாள் கழித்து போனில் எதையோ காட்டினார். சென்னையில் ஒரு ஃபெல்லோஷிப். ஒரு வருஷம். “படிப்பா சிஸ்டர், வேலையா?” என்றேன். “ரெண்டுந்தான். டாக்டரு, இன்ஜினியரு, நம்மள மாதிரி ஆளுக, எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு, ஆஸ்பத்திரியில எது கொறையுதுன்னு பாத்து அதுக்கு ஒரு சாமானைச் செய்யச் சொல்லுவாக. எனக்கு வயசு வரம்பு இந்த வருசத்தோட முடியிது. கெடைச்சா இப்பத்தான், இல்லன்னா இல்ல” என்றார். வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார் என்றும், “நீ போனா தறிச் சத்தம் மட்டுந்தான் கேக்கும், நிம்மதியா இருப்பேன்” என்று சொன்னார் என்றும் சொல்லிச் சிரித்தார்.

அவர் மனுப் போட்டதும் சென்னைக்காரர்கள் போனில் முகம் பார்த்து ரெண்டு தடவை கேள்வி கேட்டார்கள். கடைசியாக, ரெண்டு பேர் நேரில் வந்து பார்க்கிறோம் என்றார்கள். “நீங்க துவைக்கிற எடத்தப் பாக்கத்தான் ஆயாம்மா வாராக” என்று சனிக்கிழமை சொல்லிவிட்டு நர்ஸம்மா பஸ் ஏறினார். சென்னையிலிருந்து ஆள் வருகிறார்கள் என்றால் அந்த இடம் அப்படியா இருப்பது? பாசியும் கரியுமாக? ஞாயிற்றுக்கிழமை என் சொந்தக் காசில் சுண்ணாம்பு வாங்கி, நீலம் கலந்து, துவைகல்லைத் தேய்த்துக் கழுவி, சுவருக்கு ரெண்டு பூச்சு அடித்தேன். கோடுகளைத்தான் நோட்டில் எழுதி எடுத்தாயிற்றே, இனி எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். பொங்கலுக்கு அடித்த மாதிரிப் பளிச்சென்று இருந்தது. வாசலில் கோலமும் போட்டேன்.

திங்கட்கிழமை காலை நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“ஆயாம்மா, சொவரு எங்க?”

“இந்தா இருக்குல்ல சிஸ்டர். நேத்து சுண்ணாம்பு அடிச்சேன்.”

“அது தெரியுது. கோடு எங்க?”

அவர் நோட்டில் எழுதியிருந்தது முதல் மூன்று மாதம் மட்டும். அதற்குப் பிறகு நாற்பது வரிக்கு மேல் இருந்தது. அதைத்தான் காட்டுவதாகச் சொல்லியிருந்தாராம். போட்டோ எடுக்க நினைத்து, நேரில்தான் வருகிறார்களே என்று விட்டுவிட்டாராம். எனக்கு அந்தச் சுண்ணாம்புச் சட்டிக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. நர்ஸம்மா கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அப்புறம், “நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க. ஒரு திட்டுக்கூடத் தெரியல” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பத்து மணிக்கு வந்தார்கள். நரைத்த முடி வைத்த ஒரு டாக்டர் அம்மாவும், கண்ணாடி போட்ட ஓர் இன்ஜினியரும். நர்ஸம்மா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். இன்ஜினியர் வெள்ளைச் சுவரைப் பார்த்தார், நர்ஸம்மாவைப் பார்த்தார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. “சரி சிஸ்டர், இருக்கிற நோட்டை மட்டும் பார்ப்போம்” என்றார் அந்த அம்மா. அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஐந்தாவது குடத்தோடு வாசல்வரை போய்த் திரும்பி வந்தது எனக்கு நினைவு வந்தது. இன்னொரு தடவை அப்படித் திரும்பக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. அதனால் நேரே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. “இந்தா, இங்கன மொத வரி” என்று விரலை வைத்தேன். “கீழத்தெரு பிள்ளை, ரெண்டாவது பிரசவம், பொம்பளப் பிள்ளை, மூணு கொடம். அதுக்குக் கீழ மல்லாங்கிணத்துல இருந்து வந்த பிள்ளை, நாலு கொடம். இங்கன ஒரு எடம் விட்டிருப்பேன், அன்னைக்கு நான் லீவு, யாரு அலசுனாகளோ தெரியாது.” பின்னால் ரிஜிஸ்டர் புரளுகிற சத்தமும், “சரி... சரி... அடுத்தது” என்று நர்ஸம்மா குரலும் கேட்டன. அலசிய துணி ஒன்றும் எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சேலை இருந்தது. சேலையைப் பிடித்தால் ஆள் வந்துவிடும்.

ஒரு வரிக்கு ஏழு குடம் என்றேன். “இவங்களுக்கு ஒரு கோளாறும் இல்லைன்னு எழுதியிருக்கே?” என்று அந்த அம்மா கேட்டார். “அது ரத்தமில்லம்மா, சாயம்” என்றேன் சுவரைப் பார்த்தபடியே. “அவுக மாமியா ஆசையாப் புதுச் சேலையக் கொண்டாந்து விரிச்சிட்டாக. செவப்புச் சேல. மொத அலசுல பாதிச் சேல தண்ணியோட போயிருச்சு.” பின்னால் ரெண்டு பேரும் சத்தமாகச் சிரித்தார்கள். இன்ஜினியர், “இந்தக் கணக்கு எப்போ தப்பும்னும் இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார் மெதுவாக. பிறகு நர்ஸம்மாவிடம், “ரத்தத்தை அளக்கிறதுக்குக் கோடு போட்ட பை ஏற்கெனவே இருக்கே, நீங்க புதுசா என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டார். நர்ஸம்மா தறித் தெருக் குரலில் சொன்னார்: “இருக்குங்க. ஒருதடவ போட்டுத் தூக்கி எறியிற பை. எங்களுக்கு வந்தா வரும், தீந்தா தீந்ததுதான். அப்புறம் பழையபடி கண்ணால பாத்துத் தேவலன்னு சொல்லுவோம். எல்லாருக்கும் ஒரே அளவுல துணி, தொவைச்சுத் தொவைச்சு விரிக்கிற மாதிரி. ரத்தம் ஊறுனா துணி கனக்கும்ல, அதைக் கட்டில் பக்கத்துலயே மாட்டிப் பாக்க எனக்கு ஒரு தராசு வேணும். நூல் நிறுக்கிற தராசு மாதிரி. எண்ணு வேணாம், நெறம் போதும். இவுக கொடம் எண்ணி முடிக்கிறதுக்கு முன்னாடி அது சொல்லணும்.”

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. நர்ஸம்மா அதைப் படித்துச் சொன்னபோது வெளியே ஊசிக்கு நின்றவர்கள்கூடக் கைதட்டினார்கள். சென்னையில் சேர்ந்த அன்று சாயங்காலம் எனக்குப் போன் போட்டார். புதிதாகச் சேர்ந்தவர்களை எல்லாம் ஊரைப் பற்றி ஒரு படம் காட்டச் சொன்னார்களாம். ஒருவர் பெரிய ஆஸ்பத்திரியைக் காட்டினாராம், ஒருவர் மெஷினைக் காட்டினாராம். “நான் நம்ம வெள்ளைச் சொவத்தக் காட்டுனேன் ஆயாம்மா. எல்லாரும் என்ன இது வெறுஞ்சொவருன்னு முழிச்சாக. கதையச் சொன்னேன்” என்றார். “என் மானத்த வாங்கிட்டீகளே சிஸ்டர்” என்றேன். அந்த வருஷம் முழுவதும் அவர் செய்து செய்து பார்த்ததில் முதலாவதாக வந்த தராசுதான் என் வீட்டில் தொங்குவது. “இது அவசரக்குடுக்கை, ரொம்ப முன்னாடியே செவப்புக் காட்டும். வீணாப்போகுது, நீங்க வச்சுக்கங்க” என்று கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு செய்தவை சரியாக நிற்கின்றன. இப்போது எங்கள் நிலையத்திலும் இன்னும் சில இடங்களிலும் மாட்டிப் பார்த்து வருகிறார்கள். அவர் சென்னையிலேயே அந்த வேலையைத் தொடர்கிறார். நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்கப் போயிருந்தேன். வரிசையில் நிற்கும்போதே 108 ஒன்று அவசரமாகக் கிளம்பி அருப்புக்கோட்டைப் பக்கம் திரும்பியது. மாத்திரையை வாங்கிக்கொண்டு, பழக்கத்தில் பின்பக்கம் போனேன். குழாய் வந்துவிட்டது, ஆனாலும் புது ஆயா குடத்தில் பிடித்துத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரே அளவு வெள்ளைத் துணி. “இப்பப் போச்சுல்ல வண்டி, அதுல போற பிள்ளையோட துணிதேன் பெரியம்மா. புள்ள பொறந்து செத்த நேரத்துல தராசு செவப்புக்குப் போயிருச்சு, சிஸ்டர் ஒடனே போனப் போட்டுட்டாக” என்றாள். நான் துவைகல் பக்கம் நின்று என்னை அறியாமல் எண்ணினேன். மூன்று, நாலு, ஐந்து. ஏழாவது குடத்தில்தான் தண்ணீர் தெளிந்தது. வண்டி அதற்குள் விருதுநகர் போகிற வழியில் பாலவனத்தத்தைத் தாண்டியிருக்கும்.

சுவரைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதில் கோடு போட இனி யாருக்கும் தேவையில்லை. வீட்டுக்கு வந்து, குழம்புக்கு எடுத்த புளியைச் சும்மா அந்தத் தராசில் மாட்டினேன். முள் வழக்கம்போல அவசரப்பட்டுச் சிவப்பில் போய் நின்றது. “சரி, சரி, கேட்டுருச்சு” என்று அதனிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.